மாமாவும் 1.5 டெஸ்லாவும்

காந்தம் என்பது வடசென்னைக்காரனுக்குப் புதுச் சமாச்சாரம் இல்லை. திருவொற்றியூரில் வளர்ந்த எவனை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பழுதான ரேடியோவின் ஸ்பீக்கரை உடைத்து உள்ளே இருக்கும் வளையக் காந்தத்தை எடுப்போம். நூல் கட்டிக் கடற்கரை மணலில் இழுத்துக்கொண்டு போவோம். பத்தடி போவதற்குள் அதற்குக் கறுப்பாகத் தாடி முளைத்துவிடும். இரும்பு மணல். அந்தத் தாடியை வழித்துப் பேப்பரில் போட்டு, அடியில் காந்தத்தை நகர்த்தினால் மேலே தாடி எழுந்து நடக்கும். டி.வி. இல்லாத வீடுகளில் அதுதான் டி.வி. கொஞ்சம் வளர்ந்த பிறகு பழைய இரும்பு யார்டு கிரேன். வட்டத் தட்டு ஒன்று மேலேயிருந்து இறங்கும். துருப்பிடித்த கம்பி, சைக்கிள் ரிம், டிரம் எல்லாம் எழுந்து போய் அதைக் கட்டிக்கொள்ளும். லாரிக்கு மேலே கொண்டு போய் ஸ்விட்சை அணைப்பார்கள். தடதடவென்று விழும். பார்த்துக்கொண்டே நின்று ஸ்கூலுக்கு லேட்டாகப் போனவர்கள் எங்கள் வகுப்பில் பாதிப் பேர்.

இப்படிப்பட்ட ஊரில், என் தாய்மாமாவை ஒரு காந்தம் 'உள்ளே வராதே' என்று வாசலோடு திருப்பி அனுப்பியது. அதை அவர் மானப் பிரச்னையாக எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

மாமா டர்னர். எண்ணூர், மணலி, திருவொற்றியூர் என்று பல பட்டறைகளில் 34 வருஷம் லேத்தின் முன்னால் நின்றவர். இரும்பை விரலால் தடவிப் பார்த்து, "அரை நூல் கூட இருக்குடா" என்பார். அளந்து பார்த்தால் இருக்கும். ரிட்டயர் ஆன பிறகும் கை சும்மா இருக்காது. தெருவில் எந்த வீட்டுக் கேட் கிரீச்சிட்டாலும் எண்ணெய்க் குப்பியோடு போய் நிற்பார்.

போன தீபாவளிக்கு அப்புறம் அவருடைய இடது கை முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. டீ கிளாஸ் நழுவியது. வேட்டி கட்டக் கால்மணி நேரம் ஆயிற்று. ஒரு பக்கச் செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்தது. டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, "மூளையை ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துடலாம்" என்றார்.

"எதுக்கு, இருக்கான்னு பாக்கவா?" என்றாள் அத்தை. பயந்தால் அத்தைக்கு ஜோக் வரும்.

ஸ்கேன் சென்டரில் சின்னப் பெண் ஒருத்தி ஃபாரத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, நெஞ்சுல பேஸ்மேக்கர் வெச்சிருக்காங்களா?"

"இல்லம்மா."

"ஆபரேஷன் பண்ணி உள்ள கிளிப்பு, பிளேட்டு, ஸ்க்ரூ ஏதாவது?"

"நான் என்னம்மா, ஹார்டுவேர் கடையா?"

"லேத்து, வெல்டிங், கிரைண்டிங்னு இரும்பு வேலை பாத்திருக்கீங்களா?"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். சர்க்கரை உண்டா, பீடி உண்டா, குடி உண்டா என்று கேட்ட எந்த ஆஸ்பத்திரியிலும் இதுவரை அவரை 'என்ன வேலை பார்த்தீர்கள்' என்று கேட்டதில்லை.

"முப்பத்திநாலு வருஷம்மா."

"கண்ணுல இரும்புத் தூள் தெறிச்சிருக்கா?"

"வாரத்துக்கு ஒண்ணு தெறிக்கும். பக்கத்து மெஷின்காரன் தீக்குச்சியில பஞ்சு சுத்தி எடுத்துடுவான். அதுலயும் வரலைன்னா ஃபோர்மேன்கிட்ட ஒரு காந்தம் இருக்கும். கண்ணை விரிச்சுப் பிடிச்சு அதைக் கிட்டக் காட்டுவாரு..."

அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டாள். "ஐயா, முதல்ல கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க."

எக்ஸ்ரேயில் வலது கண் குழியில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. பளிச்சென்று. எந்த வருஷத்துத் தூளோ, எந்தக் கம்பெனி இரும்போ, எத்தனையோ வருஷமாக மாமாவோடு வாடகை இல்லாமல் குடியிருந்திருக்கிறது.

எம்.ஆர்.ஐ. கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஏன் இந்தக் கெடுபிடி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1986-இல் வெளிநாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கேஸ் வந்தது. ஒரு நோயாளி எம்.ஆர்.ஐ.க்குள் போய் வந்ததும் ஒரு கண் பார்வை போய்விட்டது. கண்ணுக்குள் பழைய இரும்புத் துணுக்கு ஒன்று இருந்திருக்கிறது. காந்தம் அதை நகர்த்தியிருக்கிறது. அந்த ஒரு கண்தான் இன்றைக்கு ஃபாரத்தில் ஒரு வரியாக நிற்கிறது. இரும்பு சின்னதாக இருந்தால் இப்படி. பெரிதாக இருந்தால்? 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மாநகராட்சி மருத்துவமனையில் நோயாளியின் உறவினர் ஒருவர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனார். சிலிண்டரைக் காந்தம் இழுத்தது. அவர் உயிர் போயிற்று. மெஷின் ஓடாதபோது காந்தம் அணைந்திருக்கும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். யார்டு கிரேனில் இருப்பது போல இதற்கு ஸ்விட்ச் கிடையாது. பெரும்பாலான ஸ்கேன் சென்டர்களில் இருக்கும் காந்தம் ராத்திரி, பகல், தீபாவளி, பொங்கல் எல்லா நேரமும் விழித்திருக்கும்.

மாமா கதைக்கு வருகிறேன். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அது எக்ஸ்ரேயின் அண்ணன். அதற்கு இரும்பைப் பற்றிக் கவலையில்லை. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே பழைய ரத்தம் தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. ஆவணி மாசத்தில் பாதி இறக்கிய கடை ஷட்டரில் மாமா தலையை இடித்துக்கொண்டது அத்தைக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. மண்டையில் துளை போட்டு வடித்துவிட்டார்கள். மறுநாள் காலை இடது கையால் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் மாமா கேட்ட முதல் கேள்வி: "டிரில் எத்தினி எம்.எம். ஸார்?"

டாக்டர் பதில் சொன்னார் என்பதுதான் விசேஷம். "பதினாலு."

மாமா தலையாட்டினார். திருப்தி.

ஆனால் வீட்டுக்கு வந்து, மொட்டைத் தலையில் துணிக் கட்டோடு திண்ணையில் உட்கார்ந்த பிறகும் அந்த இன்னொரு மெஷின் மறக்கவில்லை. "இதுவரைக்கும் எந்த மெஷினும் என்னை வேணாம்னு சொன்னதில்ல மாப்ளே. அதை எவன் செஞ்சான்? உள்ள இன்னா இருக்குது?"

நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் குமாஸ்தா. பில் ஆஃப் என்ட்ரி போடத் தெரியும். பௌதிகம் பிளஸ் டூவோடு சரி. இருந்தாலும் தாய்மாமா கேட்கிறார். புத்தகம் தேடி, கேட்டு, படித்து, தினம் சாயங்காலம் திண்ணையில் தவணை முறையில் சொன்னேன். கூட மாமாவின் பேரன் சரவணனும் உட்காருவான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மணலி பக்கம் ஒரு பட்டறையில் கிரைண்டிங் வேலை. செல்போனைப் பார்ப்பது போல் பாவனை. காது இந்தப் பக்கம்.

விஷயம் இதுதான். நம் உடம்பில் சுமார் 60 சதவீதம் தண்ணீர். தண்ணீரில் இருக்கும் ஒவ்வொரு ஹைட்ரஜனின் அணுக்கருவும் ஒரு குட்டிக் காந்தம். சாதாரணமாக அவை ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய காந்தத்துக்குள் போனால் கட்சி பிரிந்துவிடும். பாதி இந்தப் பக்கம், பாதி எதிர்ப்பக்கம். ஸ்கேன் சென்டரில் வழக்கமாக இருக்கும் 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தத்தைப் போல சுமார் 30,000 மடங்கு. அத்தனை பலம் காட்டியும் பத்து லட்சம் ஓட்டில் அஞ்சு ஓட்டு வித்தியாசத்தில்தான் ஒரு கட்சி ஜெயிக்கிறது!

"டெபாசிட் போயிடும்" என்றார் மாமா.

போகாது. ஒரு சொட்டுத் தண்ணீரில் கோடானுகோடி ஓட்டு. அதனால் அந்த அஞ்சே ஒரு படைக்குச் சமம். அந்தப் படையை ரேடியோ அலையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். சரியான அலைவரிசையில் தட்டினால்தான் அசையும். 1.5 டெஸ்லாவுக்கு அது சுமார் 64 மெகாஹெர்ட்ஸ். நம் எஃப்.எம். ஸ்டேஷன்கள் 88-க்கு மேலே இருக்கின்றன; அவற்றுக்குக் கொஞ்சம் கீழே. தட்டியதை நிறுத்தியதும் அணுக்கருக்கள் அதே அலைவரிசையில் முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பைத்தான் மெஷின் கேட்கிறது. ஊரில் இருக்கும் ரேடியோ சத்தம் உள்ளே வந்து கெடுக்கக் கூடாது என்று பெரும்பாலும் அறை முழுக்கத் தாமிரத் தகடு அடித்திருப்பார்கள்.

"ரூம் முழுக்கத் தாமிரமா? கிலோ இன்னா விலை தெரியுமா?" மாமாவுக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்காது.

இது வரைக்கும் 1946-லேயே தெரியும். அமெரிக்காவில் ஃபெலிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்செல் என்ற இரண்டு பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்து 1952-இல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் நியூக்ளியர் மேக்னெடிக் ரெசனன்ஸ் என்று பெயர். ('நியூக்ளியர்' என்றதும் "கல்பாக்கமா?" என்றாள் அத்தை. நோயாளிகளும் இப்படித்தான் பயப்படுவார்கள் என்று பிறகு அந்த வார்த்தையைக் கழற்றிவிட்டு எம்.ஆர்.ஐ. ஆக்கிவிட்டார்கள்.) வேதியியல்காரர்கள் கண்ணாடிக் குழாயில் மருந்தையும் எண்ணெயையும் போட்டு முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் உண்டு, படம் கிடையாது. காரணம், எல்லா அணுக்கருவும் ஒரே சுருதியில் முணுமுணுக்கிறது. எது எங்கே இருந்து பேசுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்கு 1971 செப்டம்பரில் ஒரு ராத்திரி, பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஒரு ஓட்டலில் ஹாம்பர்கர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விடை தோன்றியது, நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தைச் சேர்ந்த பால் லாட்டர்பர் என்ற வேதியியல் பேராசிரியருக்கு. காந்தத்தை ஒரே சீராக வைக்காதே, ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக, மறுபக்கம் கொஞ்சம் குறைவாக வை. அவ்வளவுதான். டோல்கேட்டில் இருக்கும் அணு ஒரு சுருதியில் பாடும், காலடிப்பேட்டையில் இருப்பது கொஞ்சம் ஏறின சுருதியில், தேரடியில் இன்னும் ஏறி, விம்கோ நகரில் உச்சத்தில். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எந்த ஸ்டாப் என்று சொல்லிவிடலாமே! எழுதி அனுப்பினார். 'நேச்சர்' பத்திரிகை முதலில் திருப்பி அனுப்பிவிட்டது. வாதாடிய பிறகு 1973 மார்ச்சில் போட்டார்கள். அதில் இருந்த படம் தண்ணீர் நிரப்பிய இரண்டு சின்னக் குழாய். உயிருள்ளதாக அவர் முதலில் படம் எடுத்தது, மகள் கடற்கரையில் பொறுக்கி வந்த நாலு மில்லிமீட்டர் மட்டி ஒன்றை. எண்ணூர் முகத்துவாரத்தில் மட்டி பொறுக்குகிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பல்கலைக்கழகத்துக்கும் சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். 'இதில் காசு வராது' என்று காப்புரிமைகூட எடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

மாமாவுக்கு லாட்டர்பர் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஓட்டலில் தோன்றிய யோசனை அவருக்கு வேலைக் கணக்கில் சேராது. அவருக்குப் பிடித்தவர் அடுத்தவர்.

பீட்டர் மான்ஸ்ஃபீல்டு, 1933-இல் லண்டனில் பிறந்தவர். அப்பா கேஸ் குழாய் ஃபிட்டர். பையன் 11 வயதுப் பரீட்சையில் தேறவில்லை. 15 வயதில் பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்தது. விஞ்ஞானி ஆக வேண்டும் என்று சொன்னவனிடம், அவ்வளவு பெரிய ஆசை வேண்டாம், உன் தகுதிக்கு வேறு ஏதாவது பார் என்று பள்ளிக்கூடத்து ஆலோசகர் சொன்னாராம். அச்சகத்தில் வேலைக்குப் போனான். அப்புறம் ராக்கெட் ஆராய்ச்சி செய்யும் அரசாங்க இலாகா ஒன்றில் சின்ன வேலை. நடுவில் கட்டாய ராணுவ சேவை. பகலில் வேலை, மாலையில் படிப்பு என்று விட்ட இடத்தைப் பிடித்து 1956-இல் லண்டனில் குயீன் மேரி காலேஜில் சேர்ந்தபோது 23 வயது ஆகப்போகிறது.

"பதினஞ்சு வயசுலயே நின்னுட்டாரா?" என்றான் சரவணன், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நின்னுட்டாரு."

"அப்புறம் எப்படி சேத்துக்கிட்டாங்க?"

நான் சொன்னேன். அவன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு எட்டு மணிக்குக் கிளம்பிப் போகிறவன் ஒன்பதரை வரை உட்கார்ந்திருந்தான்.

மான்ஸ்ஃபீல்டு 1964-இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளரானார். அந்த டிபார்ட்மென்ட்டைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். எழுபதுகளில் ஒரே கூரையின் கீழ் காந்தப் படம் எடுக்க மூன்று கோஷ்டிகள். நம்மூர் யூனியன் மாதிரி ஆளுக்கொரு கொடி. ஒரு பக்கம் எலுமிச்சம்பழத்தைப் படம் எடுத்தார்கள், மணிக்கட்டை எடுத்தார்கள். மான்ஸ்ஃபீல்டு பக்கம் ஆராய்ச்சி மாணவர் ஒருவரின் விரலை எடுத்தார்கள். வெட்டாமல் ஓர் உயிருள்ள விரலின் உள்ளே பார்த்தாகிவிட்டது.

மான்ஸ்ஃபீல்டுக்கு அவசரம். ஒரு படம் எடுக்கப் பல நிமிஷம் ஆனால் துடிக்கிற இதயத்தை எப்படி எடுப்பது? காந்தத்தின் ஏற்ற இறக்கத்தை மின்னல் வேகத்தில் முன்னும் பின்னும் மாற்றினால் நொடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒரு முழுப் படம் எடுக்கலாம் என்று 1977-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். காகிதத்தில் சரி. அப்படி மாற்றக் கம்பிச் சுருள் வேண்டுமே! கடையில் கிடைக்காது. அங்கேயே செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் மாமா நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

எம்.ஆர்.ஐ.க்குள் படுத்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். 'டக் டக் டக்', 'டர்ர்ர்' என்று பக்கத்தில் தார் ரோடு உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். காதில் பஞ்சு அடைத்தும் கேட்கும். பெரிய காந்தத்தின் நடுவே இருக்கும் இந்தக் கம்பிச் சுருளில் கரன்ட் திசை மாறும்போதெல்லாம் காந்தம் கம்பியை உதைக்கிறது. கம்பி அதிர்கிறது. அந்த அதிர்ச்சிதான் சத்தம். எபாக்ஸி ஊற்றி இறுக்கி வைத்தும் அடங்குவதில்லை.

"டிரான்ஸ்ஃபார்மர்ல வைண்டிங் லூஸானா ஹம் பண்ணும். அதான் இது" என்றார் மாமா. நான் அரை மணி நேரம் படித்ததை அவர் அரை வரியில் முடித்தார்.

1978. ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு மெஷின் தயார். முதலில் யார் போவது? காந்தத்தை இப்படிச் சடாரென்று மாற்றினால் இதயத் துடிப்பு தடுமாறலாம் என்று அமெரிக்காவிலிருந்து ஒரு விஞ்ஞானியின் எச்சரிக்கை வந்திருந்தது. மான்ஸ்ஃபீல்டு மாணவனை அனுப்பவில்லை. தானே உள்ளே போய் நின்றார். மனைவியும் சகாக்களும் வெளியே. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அசையாமல் இருந்து, வயிற்றுப் பகுதியின் படத்தோடு வெளியே வந்தார். 2003-இல் அவருக்கும் லாட்டர்பருக்கும் சேர்த்து மருத்துவ நோபல். (எனக்கும் அதில் பங்கு உண்டு என்று டமாடியன் என்ற அமெரிக்க டாக்டர் பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டது தனிக் கதை. புற்றுநோய்த் திசு வேறு மாதிரி முணுமுணுக்கிறது என்று 1971-இல் முதலில் காட்டியவர் அவர். அவருக்கும் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.) நாட்டிங்ஹாமில் 1991-இல் இதற்கென்றே தனி ஆராய்ச்சி மையம் எழுந்தது. இப்போது அதற்கு சர் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு இமேஜிங் சென்டர் என்று பெயர். 2017-இல் அவர் காலமானார். நடுவில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கியிருந்தார்.

"தானே உள்ள போனான் பாரு, அவன் ஆளு" என்றார் மாமா. அவருடைய அகராதியில் இதற்கு மேல் பட்டம் கிடையாது.

அடுத்த தவணையில் கேள்வி வந்தது. "எல்லாம் வெள்ளைக்காரனே செஞ்சானா? நம்மாளு ஒருத்தனும் இல்லியா?"

இருந்தார்கள். 1951-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி.சூர்யன் என்பவர் ஒரு காரியம் செய்தார். குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீருக்குப் பதில் ஓடும் தண்ணீரை விட்டு அணுக்கருவின் சத்தத்தைக் கேட்டார். ஓட்டத்துக்குத் தகுந்த மாதிரி சத்தம் மாறியது. இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் கட்டுரையும் வந்தது. ஓடுகிற தண்ணீர் என்றால் என்ன, ஓடுகிற ரத்தம் என்றால் என்ன? இன்றைக்கு ரத்தக் குழாயில் ஓட்டம் எப்படி என்று எம்.ஆர்.ஐ.யில் பார்க்கிறார்களே, அந்தச் சாலையின் முதல் மைல்கல் இவர் நட்டது. லாட்டர்பரின் ஹாம்பர்கருக்கு இருபது வருஷம் முன்னால்! நம் பாடப் புத்தகத்தில் அவர் பெயரை நான் பார்த்ததில்லை.

லக்னோவில் எஸ்.ஜி.பி.ஜி.ஐ. மருத்துவ வளாகத்தில் காந்த ஒத்ததிர்வுக்கென்றே ஒரு மையம் ஆரம்பித்தார்கள். முதல் இயக்குனர் சி.எல்.கேத்ரபால். அவரும் பெங்களூர் அறிவியல் கழகத்தில் இருந்து வந்தவர். நம்மூரிலோ, அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையமான சி.எல்.ஆர்.ஐ.யில் இருந்த என்.சந்திரகுமார், எஸ்.சுப்பிரமணியனோடு சேர்ந்து எழுதிய என்.எம்.ஆர். புத்தகத்தை 1987-இல் ஜெர்மனியின் ஸ்பிரிங்கர் நிறுவனம் வெளியிட்டது. சந்திரகுமார் பின்னால் ஐ.ஐ.டி.க்கு வந்தார். அங்கே வேதியியல் துறையில் அவருடைய எம்.ஆர்.ஐ.-எம்.ஆர்.எஸ். மையம். டாக்டர் சீட்டோடு போனால் அங்கே தலையைப் படம் எடுத்துத் தர மாட்டார்கள். படம் எடுக்கும் முறையையே மேலே கொண்டு போவதுதான் அங்கே வேலை.

"சென்னையிலயா? நம்ம கிண்டி ஐ.ஐ.டி.யிலயா?" மாமாவுக்கு நம்ப முடியவில்லை. ஏதோ ராயபுரத்தில் தெரியாமல் ஒரு ராக்கெட் தளம் இருந்த மாதிரி பார்த்தார்.

ஆனாலும் ஆஸ்பத்திரிகளுக்கு வரும் மெஷினில் பெரும்பாலானவை கப்பலிலோ விமானத்திலோ வருகிறவைதான். அதில் எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. சில வருஷம் முன்பு எங்கள் ஆபீஸுக்கு அப்படி ஒரு காந்தத்தின் பேப்பர் வந்தது. சாதாரணச் சரக்கு துறைமுகத்தில் நின்றால் டெமரேஜ்தான் ஏறும். இது அப்படியில்லை. உள்ளே நியோபியம்-டைட்டானியம் கம்பி, மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் ஊறிக்கொண்டே பயணம் செய்யும். அந்தக் குளிரில்தான் அந்தக் கம்பி தடையில்லாமல் மின்சாரத்தைக் கடத்தும். லேட் ஆக ஆக ஹீலியம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஒரு கையெழுத்துக்காக நாங்கள் மாடி மாடியாக ஓடிய அந்த இரண்டு நாளில் ஆவியானது என் இரண்டு கிலோவும்தான்.

இப்போது கொஞ்சம் மாறுகிறது. பெங்களூரில் வாக்சல்கிரிட்ஸ் என்ற கம்பெனி, அர்ஜுன் அருணாசலம் என்பவர் தலைமையில், இங்கேயே 1.5 டெஸ்லா மெஷின் செய்து 2023-இல் வெளியிட்டது. பிரான்ஸில் 11.7 டெஸ்லாவில் ஒரு ராட்சசன் இருக்கிறது. 132 டன் எடை. உள்ளே சுற்றியிருக்கும் கம்பி மட்டும் 182 கிலோமீட்டர். 2024-இல் மனித மூளையின் படங்களை வெளியிட்டார்கள்.

"நூத்தி எண்பத்திரெண்டு கிலோமீட்டரா!" மாமா கண்ணை மூடிக்கொண்டார். மனசுக்குள் சுற்றிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. "ஒரு எடத்துல கிராஸ் ஆனா திருப்பி மொத்தம் பிரிக்கணும்."

கண்ணில் இருக்கும் தூளுக்காக அடையாறு பக்கம் ஒரு கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பொங்கல் கழித்துப் போனோம். விம்கோ நகரில் மெட்ரோ ஏறிக் கிண்டியில் இறங்கி, ஆட்டோ. சரவணனும் லீவு போட்டுவிட்டு வந்தான். அவன் சட்டைப் பையில் புதுப் பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று எட்டிப் பார்த்தது. பட்டறையில் போடும் கண்ணாடி. எக்ஸ்ரே ஃபிலிமை மாமா கொண்டு போய்ப் பட்டறை ஜன்னலில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறார். வெயில் அடித்தால் அந்தப் புள்ளி கண்ணைக் குத்துமாம். பசங்கள் முதல் இரண்டு நாள் சிரித்தார்களாம்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "தூள் கண்ணுக்கு உள்ள இல்ல, வெளியே சதையில உக்காந்திருக்கு. இத்தனை வருஷம் சும்மா இருக்கிறதை நோண்ட வேணாம். காந்தம் பக்கம் மட்டும் போகாதீங்க" என்றார்.

திரும்பி வரும்போது சர்தார் படேல் ரோடில் சிக்னல். ஒரு பக்கம் சி.எல்.ஆர்.ஐ. காம்பவுண்ட். கொஞ்சம் தள்ளி, எதிர்ப்பக்கம் மரங்களுக்கு நடுவே ஐ.ஐ.டி. வாசல். மாமாவுக்குக் காட்டினேன். 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஆரம்பித்தது, உள்ளே சென்ட்ரல் ஒர்க்‌ஷாப் என்றே ஒன்று இருக்கிறது, ஆரம்பத்தில் ஜெர்மனியிலிருந்து மெஷின்கள் வந்து இறங்கின என்றும் சொன்னேன்.

"ஜெர்மன் லேத்தா?"

ஆட்டோவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, நல்ல கண், தூள் கண் இரண்டாலும் பார்த்தார். மான் ஒன்றும் தெரியவில்லை. செக்யூரிட்டி மட்டும் தெரிந்தான்.

"மாப்ளே, இந்த ஆராய்ச்சிக்காரங்களுக்குச் சுருள் சுத்த, பித்தளை கடைய ஆள் வேணுமில்ல?"

"வேணும் மாமா. எல்லா லேபுக்கும் வேணும்."

"எடம் காலி இருக்கான்னு கேட்டுச் சொல்லு. எனக்கில்ல, இவனுக்கு." சரவணனின் தோளைத் தட்டினார். "சாயங்காலத்துல படிக்கறதுக்கு இன்னா வழின்னும் சேத்துக் கேளு."

சிக்னல் விழுந்துவிட்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தார்.